மெஹ்ரோலியில் நான் வாய் திறக்காத நாள்

1

என் மனைவி ஈஸ்வரிக்குப் போன சனிக்கிழமை பிறந்தநாள். என்ன வேண்டும் என்று புதன்கிழமையே கேட்டேன். சேலை என்றால் கரோல் பாக் போக வேண்டும், அதற்கு ஒரு முழுநாள் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"மெஹ்ரோலிக்குக் கூட்டிட்டுப் போங்க. குதுப்மினார் பாக்கணும்."

"அவ்வளவுதானா?"

"இன்னும் முடிக்கல. வீட்டுல இருந்து கிளம்புனா திரும்பி வர்ற வரைக்கும் நீங்க வாயே தெறக்கக் கூடாது. என்கிட்ட மட்டும் பேசிக்கலாம். வேற ஆளுக கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. டிக்கெட்டு, ஆட்டோ, வழி கேக்குறது எல்லாம் நானு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தோசையை எடுத்துத் தட்டில் வைத்து, "சரியா, இல்லையா?" என்றாள்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். நான் தில்லிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. இது வெளிநாடு இல்லைதான். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். ஆனால் ரயிலில் இரண்டு இரவு தூங்கி எழுந்து இறங்கினால், பால் வாங்குவதற்கே வேறு மொழி வேண்டும் என்கிற ஊரை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஈஸ்வரி வந்து ஒரு வருடம். சாத்தூர்க்காரி. அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். நரம்பு தட்டுப்படாத கைகளில்கூடத் தடவியே இடம் கண்டுபிடித்துவிடுவாள் என்று பெண் பார்க்கப் போனபோதே அவள் அம்மா பெருமையாகச் சொன்னார். டவுன் பஸ்ஸில் கண்டக்டரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற ஆள். அப்படிப்பட்டவள் மயூர் விஹாரில் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும் காய்கறிக்காரரிடம் விரலை நீட்டித்தான் தக்காளி வாங்குவாள். இந்தி புரியாமல் இல்லை. கீழ்வீட்டுத் தமிழ்க் குடும்பத்தின் மகள், இங்கேயே பிறந்த ஏழு வயதுப் பெண், தினமும் சாயங்காலம் வந்து இவளிடம் இந்தியில் கதை சொல்வாள். இவள் தமிழில் பதில் சொல்வாள். இருவருக்கும் எல்லாம் புரியும். வெளியாள் முன்னால் நின்றால்தான் ஈஸ்வரிக்கு இந்தியில் ஒரு வார்த்தையும் வராது.

அதனால் மற்ற எல்லாம் நான். கேஸ் இணைப்பு, ஆதாரில் முகவரி மாற்றம், வங்கிக் கணக்கு, பல் டாக்டர். எந்தப் படிவத்திலும் தொலைபேசி எண் என்று இருக்கும் கட்டத்தில் என் நம்பரைத்தான் எழுதுவேன். அவளுடைய வங்கிக் கணக்குக்கு வரும் ஓ.டி.பி.கூட என் போனுக்குத்தான் வரும். அலுவலகத்தில் கூட்டத்தில் இருக்கும்போது கூப்பிட்டு, "ஏங்க, ஆறு நம்பர் வந்திருக்கா?" என்பாள்.

பிறந்தநாளுக்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் காரியம் கெட்டது. மாளவியா நகரில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ஆள் தேவை என்று பார்த்து, அவளுக்காக நான் விண்ணப்பம் அனுப்பியிருந்தேன். அதை நடத்தும் டாக்டரம்மா கூப்பிட்டார். அழைப்பு என் போனுக்குத்தானே வரும்? ஈஸ்வரி கையை நீட்டினாள். "இரு, நான் பேசுறேன்" என்று நானே பேசினேன். எத்தனை வருட அனுபவம் என்றார். நான்கு என்றேன். காலை ஆறரைக்கு வர முடியுமா? முடியும். ஞாயிற்றுக்கிழமை? அதுவும் முடியும். கால் மணி நேரம் பேசியிருப்பேன். கடைசியில் அந்த அம்மா சொன்னார்: "நான் வேலைக்கு எடுக்கப் போவது உங்களை அல்ல. திங்கட்கிழமை அவரைத் தனியாக அனுப்புங்கள். நோயாளிகளோடு பேசுகிறாரா என்று நான் பார்க்க வேண்டும்."

போனை வைத்ததும் ஈஸ்வரி கேட்டாள்: "நாலு வருசமா? ஆறு வருசம்னு உங்களுக்குத் தெரியாதா?"

பிறகு இன்னொன்றும் சொன்னாள். சாத்தூரில் அவள் வேலை பார்த்த நிலையத்தில் இப்போது ஓர் இடம் காலியாம். அதன் முதலாளி அண்ணாச்சி, திங்கட்கிழமை வரைக்கும்தான் அதை இவளுக்காக வைத்திருப்பாராம். அதற்குள் வருகிறேன் என்று சொல்லவில்லை என்றால் வேறு பெண்ணை எடுத்துவிடுவார்.

"ரெண்டுல ஒண்ணுங்க. மாளவியா நகர்ல நான் பேசணும். இல்லைன்னா சாத்தூருக்குப் போயி வேலை பாக்கணும். இந்த வீட்டுக்குள்ள இன்னொரு வருசம் ஊமையா இருக்க என்னால முடியாது."

மெஹ்ரோலி என்பது தில்லியின் தென்பகுதியில் இருக்கும் பழைய நகரம். இங்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்ட நகரங்களில் மிகவும் மூத்தது என்பார்கள். அவள் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வரலாறு இல்லை. மெட்ரோ வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். குதுப்மினார் ஸ்டேஷன், மாளவியா நகருக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிறது.

2

நான் ஏன் இப்படி என்று எனக்குத் தெரியும். பெருமையாக நினைத்திருந்த விஷயம்தான்.

முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது தங்கைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று டாக்டர் கேட்டார். அம்மா என்னை முன்னால் தள்ளி, "இவன் படிக்கிறவன் சார், இவன் சொல்லுவான்" என்றாள். எனக்கு எத்தனை நாள் என்றே தெரியாது. ஆனாலும் நிமிர்ந்து நின்று, "மூணு நாள் சார்" என்றேன். உண்மையில் ஐந்து நாள். அம்மாவுக்கு அது தெரியும். பக்கத்திலேயே நின்றாள். திருத்தவில்லை. படிக்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாய் நான். வங்கியில், ரேஷன் கடையில், தாலுகா ஆபீஸில், கரி வாங்க வரும் வியாபாரியிடம். நான் தில்லிக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. அம்மா எந்தக் கவுண்டருக்குப் போனாலும் எனக்குப் போன் போட்டு, "இந்தா, எம் மகன் பேசுவான்" என்று போனை உள்ளே நீட்டிவிடுவாள். ராமநாதபுரம் மாவட்டத்தில் எத்தனை குமாஸ்தாக்களுடன் தில்லியில் உட்கார்ந்துகொண்டு பேசியிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை.

இது என் கடமை என்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

3

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மயூர் விஹார் ஸ்டேஷனில் ஏறினோம். ஈஸ்வரி மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள், தலையில் மல்லிகைச் சரம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முந்தின நாளே நான் வாங்கி வந்தது. பையில் அவள் அம்மா பார்சலில் அனுப்பிய காராசேவு ஒரு டப்பா நிறைய. சாத்தூர்க்காரர்களுக்கு அது இல்லாமல் எந்தப் பிறந்தநாளும் கணக்கில் வராது.

யமுனையைத் தாண்டும்போது, "என்ன சார், ரொம்ப அமைதியா வாரீக?" என்று சீண்டினாள்.

"உன்கிட்டப் பேசலாம்னுதான சொன்ன?"

"பேசலாம். ஆனா யோசனை சொல்லக் கூடாது."

ஐ.என்.ஏ.வில் இறங்கி மஞ்சள் வழித்தடத்துக்கு மாற வேண்டும். அவள் முன்னால் நடந்தாள். நான் நாலடி பின்னால். படிக்கட்டில் இறங்கி இரண்டு நடைமேடைகளுக்கு நடுவில் நின்றாள். வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். வண்டி ஒன்று வந்தது. ஏறிவிட்டாள். அது வடக்கே போகிற வண்டி.

என் நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டேன். ஜோர்பாக் போனது. அடுத்த இரண்டும் போயின. அவள் கதவுக்கு மேலே இருந்த வரைபடத்தைப் பார்த்தபடி இருந்தாள். அப்புறம் 'கேந்திரீய சசிவாலய்', அதாவது மத்தியச் செயலகம், என்று அறிவிப்பு வந்ததும் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது உங்க ஆபீஸ் ஸ்டேஷன்ல?"

"ஆமா."

"ஏறும்போதே தெரியுமா?"

"யோசனை சொல்லக் கூடாதுன்னு..."

என் கையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு இறங்கினாள். நடைமேடையில் காவல் நின்ற பெண்ணிடம் நேராகப் போனாள். போகும்போது உதடு அசைந்துகொண்டே இருந்தது. மனப்பாடம் செய்கிறாள் என்று புரிந்தது. "தீதி, குதுப்மினார் கே லியே கிதர்?" என்று, எந்தப் பக்கம் போக வேண்டும் எனக் கேட்டாள். அந்தப் பெண் எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டி, "உதர் சே" என்றார். அவ்வளவுதான். மூன்று வினாடி. அதற்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

திரும்பும் வண்டியில் அவள் முகம் வேறாக இருந்தது. ஒவ்வொரு ஸ்டேஷன் பேரையும் விரல் விட்டு எண்ணினாள். மாளவியா நகர் வந்ததும் கதவருகே போய் நின்று, இறங்காமல், நடைமேடையை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். சாகேத் தாண்டியதும் வண்டி சுரங்கத்திலிருந்து மேலே ஏறி வெயிலுக்குள் வந்தது.

4

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. டிக்கெட் வரிசை. இரண்டையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் அவள் சொன்னதற்கு மேலே கேட்டதும் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். "பையா, இதர் தேக்கோ" என்றாள் ஈஸ்வரி. அண்ணே, இங்கே பாருங்க என்று அர்த்தம். அவர் பார்த்தார்.

குதுப்மினாரைப் பற்றிப் புத்தகத்தில் இருப்பதை நான் எழுதப் போவதில்லை. படத்தில் பார்த்ததைவிடச் சிவப்பு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், மேகம் நகர்வது தெரியாமல், கோபுரம்தான் சாய்கிறது என்று தோன்றும். எனக்கு ஒரு பழக்கம். எங்கே பலகை இருந்தாலும் முழுவதும் படிக்காமல் நகர மாட்டேன். படிக்கத் தெரிந்துகொண்ட நாளில் இருந்து அப்படித்தான். ஈஸ்வரி அதற்குள் துருப்பிடிக்காத இரும்புத் தூணைச் சுற்றி வந்துவிட்டாள். வேலி போட்டிருக்கிறார்கள், தொட முடியாது.

"இத்தனை வருசமா மழையில நிக்குது, துருப்பிடிக்கலயாம். நம்ம பால்கனிக் கம்பி ஒரு வருசத்துல போச்சு. வீட்டு ஓனரைக் கூட்டிட்டு வந்து காட்டணுங்க."

இரண்டு பேரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. வேப்ப மரத்தடியில் ஒரு பஞ்சாபி அம்மாள் கணவரோடு உட்கார்ந்திருந்தார். ஈஸ்வரி போனை நீட்டி, "ஆன்ட்டிஜி, ஏக் போட்டோ?" என்றாள். அவர் ஒன்று கேட்டால் பத்து எடுக்கிறவர். எடுத்து முடித்ததும் எங்களைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஈஸ்வரி டப்பாவைத் திறந்து காராசேவு நீட்டினாள். ஒரு வாய் போட்டுக்கொண்டு, காரத்தில் கண்ணைத் துடைத்தபடி, இன்னொரு கை அள்ளினார்.

அப்புறம் விசாரணை தொடங்கியது. எந்த ஊர், கல்யாணமாகி எத்தனை நாள், மாமியார் கூட இருக்கிறாரா. ஈஸ்வரி ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரண்டு வார்த்தையாகப் பதில் சொன்னாள். அந்த அம்மாள் என்னிடம் ஏதோ கேட்டார். நான் சிரித்தேன். மறுபடி கேட்டார். மறுபடி சிரித்தேன். அவர் முகத்தில் இரக்கம் வந்துவிட்டது. ஈஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "பேட்டா, இவருக்குப் பேச்சு வராதா?" என்று இந்தியில் கேட்டார்.

ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். கண்ணில் குறும்பு.

"ஆஜ் நஹீ, ஆன்ட்டிஜி" என்றாள். இன்றைக்கு வராது.

பிறந்தநாள் பரிசு என்று கையைக் காலை ஆட்டி அவள் விளக்கியதும் அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் கணவரின் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "கேட்டீர்களா? அடுத்த மாதம் என் பிறந்தநாள்" என்றார். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆண் வர்க்கத்துக்கே துரோகம் செய்தவனைப் பார்க்கிற பார்வை.

அந்த இடத்தோடு வீடு திரும்பியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

5

மெஹ்ரோலியின் தொல்லியல் பூங்காவுக்குள் ராஜோன் கி பாவ்லி என்று ஒரு படிக்கிணறு இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வெளியே வந்தபோது வெயில் உறைத்தது. சாலையோரம் இளநீர் வண்டி நின்றது.

ஈஸ்வரி வண்டிக்காரரிடம் போனாள். உதடு அசைந்தது. வழுக்கை இருப்பது வேண்டாம், தண்ணீர் அதிகம் இருப்பதாகக் கொடு, படிக்கிணற்றுக்கு எப்படிப் போக வேண்டும், இவ்வளவையும் ஒரே மூச்சில் கேட்டாள். அன்று அவள் பேசியதில் மிக நீளமான இந்தி அதுதான். நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறியது. அதில் ஒரு வார்த்தை தமிழ்.

அந்த ஆள் சிரித்தார். சிரித்தது மட்டும் இல்லை. பக்கத்து வேர்க்கடலைக்காரரைக் கூப்பிட்டு, அவள் சொன்னதை அவள் மாதிரியே இழுத்து ஒருமுறை சொல்லிக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

என் காது சுட்டது. நான் முன்னால் போனது எனக்கே தெரியாது. ஆறு வருட இந்தி, அலுவலகத்தில் கற்றுக்கொண்டது பாதி, பஸ்ஸில் கற்றுக்கொண்டது பாதி, எல்லாம் சேர்ந்து வந்தது. வாடிக்கையாளரிடம் இப்படித்தான் பேசுவதா, உங்கள் வீட்டுப் பெண் எங்கள் ஊருக்கு வந்து தமிழ் பேசினால் நாங்கள் சிரிப்போமா என்றெல்லாம் கேட்டேன். அந்த ஆள் திகைத்துப் போய், "மாஃப் கர்னா சார்" என்று மன்னிப்புக் கேட்டார். நெஞ்சு நிமிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் ஈஸ்வரி அங்கே இல்லை. பூங்கா வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

ஓடிப் போய்ப் பிடித்தேன்.

"அவன் சிரிச்சான், அதான்..."

"ஆமா. ஜெயிச்சுட்டீக."

"பின்ன, பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

அவள் நின்றாள். கோபத்தில் அவளுக்கு அழுகை வராது, குரல் தாழ்ந்துவிடும்.

"திங்கக்கிழமை அங்க யாரும் சிரிக்க மாட்டாகளா? ஊசியைக் கையில வச்சுக்கிட்டு நான் ஏதாவது தப்பாச் சொல்லுவேன். சிரிப்பாக. அப்ப உங்க ஆபீஸ்ல இருந்து ஓடி வருவீகளா? அவன் சிரிப்பான்னு எனக்குத் தெரியுங்க. சிரிச்சதுக்குப் பெறகு என்ன பேசணும்னு நான் யோசிச்சு வச்சிருந்தேன். அதைச் சொல்ல விடல நீங்க. எனக்கு வேண்டியதே அதுதான்."

பையில் இருந்து போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"அண்ணாச்சிக்கு இப்பவே போன் போட்டு வாரேன்னு சொல்லிரவா? நீங்களே சொல்லுங்க. நீங்கதான எல்லாத்தையும் சொல்லுவீக."

6

படிக்கிணறு வரைக்கும் அவள் முன்னாலும் நான் பின்னாலுமாக நடந்தோம். வழியில் இரண்டு இடத்தில் அவளே நின்று கேட்டாள், நான் தள்ளி நின்றேன். முள்மரங்களுக்கு நடுவே, எதிர்பாராத இடத்தில், தரை திடீரென்று பிளந்து கீழே போகிறது. அகலமான படிகள், மூன்று மாடி ஆழத்துக்கு. இரண்டு பக்கமும் வளைவுகள் வைத்த மண்டபங்கள். அடியில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர். கொத்தனார்களின் பெயரில் இருக்கும் கிணறு என்று பலகை சொன்னது. பாதிப் படி வரை இறங்கி உட்கார்ந்தோம்.

ஐந்து நிமிடம் கழித்து அவள் எழுந்தாள்.

"நீங்க இங்கயே உக்காருங்க."

"எங்க போற?"

"எளநி வாங்கிட்டு வாரேன்."

"அங்கயா? அவ்வளவு தூரமா?"

"உக்காருங்கன்னேன்."

படியேறிப் போய்விட்டாள். மஞ்சள் துப்பட்டா மேலே ஒரு முறை தெரிந்தது, மறைந்தது. போகப் பத்து நிமிடம், வரப் பத்து நிமிடம். என் கால் இரண்டு முறை எழுந்தது. இரண்டு முறையும் உட்கார்ந்தேன்.

அப்போது போன் அடித்தது. அம்மா.

"எய்யா, ஆஸ்பத்திரியில மாத்திரை வாங்குற எடத்துல நிக்கேன். அப்பாவுக்கு பிரசர் மாத்திரை எப்பவும் வெள்ளையாக் குடுப்பாக, இன்னைக்குச் செவப்பாக் குடுத்திருக்காக. மாத்திக் குடுத்துட்டாகளா என்னன்னு தெரியல. இந்தா, அவுககிட்ட குடுக்கேன், நீ கேளு."

போன் கைமாறுகிற கரகரப்பு கேட்டது. வழக்கம்போல் 'வணக்கம் சார்' என்று தொடங்க வாய் திறந்துவிட்டேன்.

"அம்மா. அம்மா, குடுக்காத. நீயே கேளு."

"என்னய்யா?"

"இப்ப என்கிட்டச் சொன்னேல்ல, அதையே அவர்கிட்டச் சொல்லு. வெள்ளையா இருந்துச்சு, இப்ப செவப்பா இருக்கு, ஏன்னு கேளு. நான் போனை வைக்கல. கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

"நான் கேட்டா சொல்லுவாகளாய்யா?"

இருபது வருடத்துக்கு முன்னால், ஐந்து நாள் என்று தெரிந்தும் பேசாமல் நின்றவளின் கேள்வி அது. அவளுக்குப் பேசத் தெரியாததால் நான் பேச ஆரம்பித்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் பேசிக்கொண்டே இருந்ததால் அவள் பேசாமல் போயிருக்கலாம் என்று அந்தப் படிக்கட்டில்தான் எனக்கு முதன்முதலாகத் தோன்றியது.

"கேளும்மா" என்றேன்.

அம்மாவின் குரல் தூரத்தில் கேட்டது. "சார், இந்த மாத்திரை..." அந்தப் பக்கம் யாரோ எதையோ வேகமாகச் சொன்னார். அம்மா நின்றுவிட்டாள். முடிந்தது என்று நினைத்தேன். பிறகு இன்னும் சத்தமாக, கரி ஏற்ற வரும் வண்டிக்காரனைக் கூப்பிடுகிற குரலில், "எனக்கு வெளங்கல சார், இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள். அவர் இந்த முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எனக்கே கேட்டது. மருந்து அதேதான், கம்பெனி வேறு, அதனால் நிறம் வேறு, காலையில் சாப்பிட்ட பிறகு ஒன்று.

அம்மா போனுக்கு வந்தாள். "சொல்லிட்டாருய்யா. மருந்து அதேதானாம். கம்பெனிதான் வேறயாம்." எனக்கு விளக்குகிறாள். "சரி, பின்னால ஆளு நிக்குது, வைக்கேன்." வைத்தும்விட்டாள். வழக்கமாக நான்தான் முதலில் வைப்பேன்.

போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தபோது, மேல்படியில் ஈஸ்வரி. இரண்டு கையிலும் இரண்டு இளநீர். பார்த்துப் பார்த்து இறங்கி வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்ன சொன்ன?"

"மொதல்ல கேட்டதையே மறுபடியும் கேட்டேன்."

"அப்புறம்?"

"மறுபடியும் சிரிச்சான். நானும் சிரிச்சேன். பெறகு காயைத் தட்டிப் பாத்து எடுத்தான்."

ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து உறிஞ்சினாள். வழுக்கை இல்லை, தண்ணீர் நிறைய இருந்தது. அண்ணாச்சிக்குப் போன் போடுகிற பேச்சை அதற்குப் பிறகு அவளும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா பேசியதைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அத்தை என்னைவிட வேகம்தான்" என்றாள்.

7

திங்கட்கிழமை காலை ஸ்டேஷன் வரை வருகிறேன் என்றேன். வாசல் வரை போதும் என்றாள். வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு மடித்துப் பையில் வைத்திருந்தாள், சாத்தூரில் இருந்து கொண்டு வந்தது, ஒரு வருடமாகப் பெட்டியில் கிடந்தது.

அலுவலகத்தில் ஒரு கோப்பும் ஓடவில்லை. பதினொன்றரைக்குப் போன் அடித்தது. டாக்டரம்மா.

"படிவத்தில் உங்கள் நம்பர்தான் இருந்தது" என்று ஆரம்பித்தார். குரலில் கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. "ஆறரைக்கு வருவார் என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் ஏழு மணிக்குத்தான் வருவாராம். ஞாயிற்றுக்கிழமை வரவே மாட்டாராம். நான்கு வருட அனுபவம் என்றீர்கள். ஆறு என்கிறார், அதற்குத் தக்க சம்பளம் வேண்டும் என்கிறார். இதெல்லாம் என்ன? நீங்கள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதானே சொன்னீர்கள்?"

பதில்கள் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்து நின்றன. சமாதானம் சொல்லலாம். ஏழு மணியை ஆறே முக்கால் ஆக்கலாம். ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் எனலாம். இருபது வருடமாக நான் செய்து வந்த வேலை அதுதான்.

"அது நான் சொன்னது மேடம்" என்றேன். "வேலைக்கு வந்திருப்பது அவர். அவரிடமே பேசுங்கள்."

"அவரும் இதையேதான் சொன்னார்" என்றார் டாக்டரம்மா. "உங்கள் நம்பரை அடித்துவிட்டுத் தன் நம்பரை எழுதித் தந்திருக்கிறார். நான்தான் பழைய நம்பரில் ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று கூப்பிட்டேன்."

அவர் வைப்பதற்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது. ஈஸ்வரியின் இந்தி. யாரிடமோ கையை மூடச் சொல்கிறாள். அந்த ஆள் அவள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றதும், கொஞ்சமும் அவசரமில்லாமல், மறுபடி சொன்னாள்: "முட்டி பந்த் கீஜியே."